அடுத்த பிளேற்றை எப்ப போடுறது?

எங்கட ஜிம்முக்குப் புதுசா வாற பெடியள் ரெண்டாம் கிழமையே கேக்கிற கேள்வி இதுதான், "அண்ணை, இந்த வெயிற்ல எத்தினை நாள் நிக்கிறது, எப்ப ஏத்துறது?" கேள்வி சின்னன், ஆனா இதுக்குப் பதில் தெரியாமத்தான் கனபேர் கெட்டுப்போகினம். கிழமைக்குக் கிழமை பிளேற் (பார் எண்ட இரும்புக் கம்பியில மாட்டுற பார வட்டு) போட்டு மூண்டாம் மாசம் நாரியைப் பிடிச்சுக்கொண்டு வீட்டில கிடக்கிறவையும் இருக்கினம், ரெண்டு வருசமா அதே 10 கிலோ டம்பெல்லை அதே 10 தரம் தூக்கிப்போட்டு "எனக்கு உடம்பு வருதில்லை" எண்டு கவலைப்படுறவையும் இருக்கினம். நான் இந்த ரெண்டு பக்கத்திலயும் நிண்டு பாத்தவன், அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல, ஏன் ஏத்தோணும்? கிளிநொச்சியில சீமெந்து லொறி இறக்கிற அண்ணைமாரைப் பாருங்கோ, ஒரு பை 50 கிலோ. புதுசா வேலைக்கு வாற பெடியன் முதல் நாள் இருவது பை இறக்கினா அடுத்த நாள் பாயால எழும்ப மாட்டான், ஆனா ஒண்டரை ரெண்டு மாசத்தில அவனும் மற்றாக்கள் மாதிரி தோளில போட்டுக்கொண்டு கதைச்சுக் கதைச்சு நடப்பான். அதுக்குப் பிறகு என்ன நடக்குது? பத்து வருசமா அதே 50 கிலோதான், அதைத் தூக்கத் தேவையான பலம் எவ்வளவோ அவ்வளவைத்தான் உடம்பு வைச்சிருக்கும், தேவைப்படாத பலத்தைச் சேத்து வைக்கிற பழக்கம் உடம்புக்கு இல்லை. தசையை வைச்சிருக்கிறதுக்கே சாப்பாடு செலவாகுது, தேவை இல்லாட்டி அது குறைக்கத்தான் பாக்கும். அதால நேற்றையதை விட இண்டைக்குக் கொஞ்சம் கூட, உடம்பால ஈடுகட்டக்கூடிய அளவுக்கு மட்டும் கூட, குடுத்துக்கொண்டு போனாத்தான் பலம் ஏறும். மூட்டை தூக்கிற ஆக்களுக்கு அந்த அளவைத் தீர்மானிக்கிற உரிமை இல்லை, பாரத்தை முதலாளியும் பையும் தீர்மானிக்குது. வயது வந்த ஆம்பிளை ஒருத்தர் நெடுகலும் கையால தூக்கிற பாரம் 55 கிலோவுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு சர்வதேச தொழில் அமைப்பு 1967லயே பரிந்துரை செய்தது, எங்கட பக்கத்து நெல்லு மூட்டையளை ஒருக்கா நிறுத்துப் பாத்தா அந்தப் பேப்பர் இஞ்ச வரைக்கும் வந்து சேரேல்லை எண்டு விளங்கும். பயிற்சி செய்யிற எங்களுக்குப் பாரத்தை நாங்களே தீர்மானிக்கிற வசதி இருக்கு, அதை வடிவாப் பாவிக்கோணும்.

இந்த "கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுறது" எண்டதுக்கு ஒழுங்கான மருத்துவக் கணக்கு வந்தது ஜிம்முகளில இருந்து இல்லை, யுத்தத்தில காயப்பட்ட ஆக்களின்ர ஆஸ்பத்திரியில இருந்து. எங்களுக்கு இந்தக் கதை கிட்டவா இருக்கும். ரெண்டாம் உலக யுத்த நேரம் சிக்காகோவில கார்டினர் எண்ட இராணுவ ஆஸ்பத்திரியில தோமஸ் டீலோம் எண்டு ஒரு இளம் டொக்டர் வேலை செய்தவர். கால் எலும்பு முறிஞ்சு, முழங்கால் உடைஞ்சு வந்த சிப்பாய்மார் மாசக்கணக்கில கட்டிலில கிடந்தவை, அந்த நேரத்துப் பயிற்சி எண்டா பாரமே இல்லாம நூறு தரம் இருநூறு தரம் காலை ஆட்டுறதுதான். டீலோம் சின்ன வயசில வாதக் காய்ச்சல் வந்து படுத்துக் கிடந்து, பிறகு பாரம் தூக்கித் தன்ர உடம்பைத் திருப்பி எடுத்தவர், அதால அவருக்கு இது சரியாப் படேல்லை. இரும்புச் சப்பாத்து மாதிரி ஒண்டைக் காலில கட்டி அதில பாரத்தைப் போட்டு, சரியா 10 தரம் மட்டும் தூக்கக்கூடிய பாரம் எவ்வளவு எண்டு கண்டுபிடிச்சு அதை வைச்சே பயிற்சி குடுத்தார், கிழமைக்கு ஒருக்கா திருப்பி அளந்து, கூடினா பாரத்தையும் கூட்டினார். 1945ல இதைக் கட்டுரையா எழுதேக்க "பாரமான எதிர்ப்புப் பயிற்சி" எண்ட அர்த்தத்திலதான் பேர் வைச்சவர், பிறகு அந்தப் பேரை மாத்தி "படிப்படியாக் கூட்டுற எதிர்ப்புப் பயிற்சி" எண்டு ஆக்கினவர். எனக்கு அந்தப் பேர் மாற்றம் முக்கியமாப் படுது, ஏனெண்டா குணமாக்கினது பாரம் எண்டதை விட ஒழுங்கா அளந்து கூட்டினதுதான். 1948ல வொற்கின்ஸ் எண்ட டொக்டரோட சேந்து இன்னும் சுருக்கினார், மூண்டு செற் (விடாமல் தூக்கிற ஒரு சுற்றுத்தான் ஒரு செற்), முதலாவது 10 தரப் பாரத்தின்ர பாதி, ரெண்டாவது முக்கால், மூண்டாவது முழுசு. இண்டைக்கு எங்கட பெடியள் ஆர் சொன்னது எண்டு தெரியாமலே "மூண்டு செற் பத்து றெப்" (ஒருக்காத் தூக்கி இறக்கினா ஒரு றெப்) எண்டு செய்யிறதுக்கு வேர் அங்கதான் இருக்கு.

சரி, எங்களுக்கு எப்ப ஏத்துறது எண்டு எப்பிடித் தெரியும். நான் பாவிக்கிற முறை கனகாலமாக் கோச்மார் பாவிக்கிற "ரெண்டுக்கு ரெண்டு" எண்ட முறை. ஒரு வெயிற்ல மூண்டு செற், செற்றுக்கு 8 றெப் எண்டு இலக்கு வைச்சிருக்கிறீங்கள் எண்டு வையுங்கோ. கடைசிச் செற்ல 8க்குப் பதிலா 10 வந்திட்டுது, ரெண்டு கூட. அது ஒருநாள் வந்தாக் காணாது, அடுத்த முறையும் அதே மாதிரி ரெண்டு கூட வரோணும். ரெண்டு தரமும் வந்தா ஏத்துங்கோ. ஏன் கடைசிச் செற்? முதல் செற்ல ஆருக்கும் தெம்பு இருக்கும், களைச்ச பிறகும் மிச்சம் இருக்குதா எண்டதுதான் கேள்வி. ஏன் ரெண்டு நாள்? ஒருநாள் வடிவா நித்திரை கொண்டு, மத்தியானம் வடிவாச் சாப்பிட்டு, நல்ல பாட்டுப் போட்டு, பக்கத்தில கூட்டாளியும் நிண்டா ஆருக்கும் ரெண்டு றெப் கூட வரும், அது பலம் கூடினது இல்லை அந்த நாள் நல்லா இருந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு ஏத்துறது எண்டதுக்கு அமெரிக்கன் கொலிஜ் ஒஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் எண்ட விளையாட்டு மருத்துவ அமைப்பு 2009ல வெளியிட்ட நிலைப்பாட்டில இருக்கிறது, இலக்கை விட ஒண்டு ரெண்டு றெப் கூடச் செய்ய ஏலுமெண்டா 2 இல இருந்து 10 வீதம் வரைக்கும் கூட்டலாம் எண்டு. கை, தோள் மாதிரிச் சின்னத் தசையளுக்கு அந்தக் கீழ்ப்பக்கம், கால், இடுப்பு மாதிரிப் பெரிய தசையளுக்கு மேல்ப்பக்கம். நடைமுறையில சொன்னா பெஞ்ச் பிரஸ்ஸுக்கு (மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல தள்ளுறது) ஒண்டில இருந்து ரெண்டரைக் கிலோ, ஸ்குவாற் (தோளில பாரத்தோட குந்தி எழும்புறது), டெட்லிஃப்டுக்கு (நிலத்தில இருந்து இடுப்பு வரைக்கும் தூக்கிறது) ரெண்டரையில இருந்து அஞ்சு கிலோ.

ஆனா இந்த முறை முழுக்க ஒரு விசயத்தில தங்கியிருக்கு, எண்ணுற றெப் உண்மையான றெப்பா இருக்கோணும். இதில நான் கொஞ்சம் கண்டிப்பு. பெஞ்ச் அடிக்கேக்க பின்னால நிக்கிறவன் ரெண்டு விரலை பாருக்குக் கீழ வைச்சு "நீயே தூக்கிற மச்சான், நான் தொடவே இல்லை" எண்டு கத்துவான் பாருங்கோ, அந்த றெப்பை எண்ணாதேங்கோ, அது ரெண்டு பேர் தூக்கினது. ஸ்குவாற்ல முதல் மூண்டு றெப்பும் தொடை நிலத்துக்குச் சமாந்தரமா வரும், எட்டாவது றெப் கதிரையில இருக்கப்போற உயரத்தில நிண்டிடும், அதையும் எண்ணக்கூடாது. எழும்பேக்க இடுப்பு முதல் மேல போய் நெஞ்சு முன்னுக்குச் சரிஞ்சா கால் களைச்சு நாரி வேலை செய்யுது எண்டு அர்த்தம். டெட்லிஃப்ட்ல கீழ் முதுகு வளையத் தொடங்கினா அந்தச் செற் அதோட முடிஞ்சுது, மிச்ச றெப் எத்தினை இருந்தாலும் சரி. கேர்ள் (முழங்கையை மடக்கித் தூக்கிறது) அடிக்கேக்க முதுகை ஆட்டி எறியிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், சொல்லத் தேவையில்லை. போனை ஒரு போத்தல்ல சாத்தி வைச்சுப் பக்கவாட்டில வீடியோ எடுத்துப் பாருங்கோ, முதல் றெப்பும் கடைசி றெப்பும் வேகம் மட்டும் குறைஞ்சு வடிவம் ஒரே மாதிரி இருந்தா நீங்கள் ஏத்தத் தயார். வேகம் குறையிறது பிழை இல்லை, அது நல்லது. கடைசி றெப்பும் முதல் றெப் மாதிரியே பறந்து போகுதெண்டா வெயிற் காணாது எண்டு அர்த்தம், செற் முடியேக்க இன்னும் ஒண்டு ரெண்டு, கூடினா மூண்டு றெப் மிச்சம் இருக்கிற மாதிரி நிப்பாட்டுறது பலம் ஏறக் காணும், ஒவ்வொரு செற்றையும் கை நடுங்கி விழுற வரைக்கும் செய்யோணும் எண்டு இல்லை.

உளைவைப் பாத்து முடிவு எடுக்கிற ஆக்களும் இருக்கினம். "நேற்று அடிச்சது இண்டைக்கு உளையேல்லை, அப்ப வெயிற் காணாது." இது பிழை. உளைவு பழக்கமில்லாத அசைவுக்கு வாறது, ஒரு நாளில இருந்து மூண்டு நாள் வரைக்கும் இருக்கும், பழகின அசைவுக்குக் குறைஞ்சிடும். வருசம் முழுக்க ஸ்குவாற் அடிக்கிற ஒருத்தர் ஒருநாள் வயலில குனிஞ்சு நாத்து நட்டா அடுத்த நாள் நடக்க ஏலாமல் இருக்கும், அதுக்காக நாத்து நடுறது ஸ்குவாற்றை விடப் பலம் ஏத்துது எண்டு சொல்லேலாது.

இப்ப எங்கட பக்கத்துப் பெரிய பிரச்சினைக்கு வாறன். வன்னியில கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் எண்டு எங்க போனாலும் சின்னச் சின்ன ஜிம்முகளில கூடுதலா இருக்கிறது 5, 10, 15, 20 கிலோ பிளேற்றுகள்தான், ஒண்டேகால் கிலோ பிளேற் இருந்தாலும் ஒரு சோடிதான், அதையும் ஆரோ ஒருத்தன் காலையிலயே எடுத்து வைச்சிருப்பான். ரெண்டு பக்கமும் 5 போட்டா ஒரே தாவலில 10 கிலோ கூடுது. 100 கிலோ ஸ்குவாற் அடிக்கிறவனுக்கு அது 10 வீதம், 40 கிலோ பெஞ்ச் அடிக்கிறவனுக்கு 25 வீதம். டம்பெல் இன்னும் மோசம், 10 இல இருந்து 12.5க்குப் போனா 25 வீதம், 5 இல இருந்து 7.5க்குப் போனா 50 வீதம். ஒரு பெடியன் தோளுக்கு 5 கிலோ டம்பெல்ல 10 றெப் வடிவா அடிச்சிட்டு 7.5 எடுத்தா மூண்டுக்கு மேல ஏறாது, உடனே தனக்குப் பலமே இல்லை எண்டு நினைச்சு மனம் உடைஞ்சு ஜிம்முக்கு வாறதையே விட்டிடுவான், அப்பிடி விட்ட ரெண்டு மூண்டு பேரை எனக்குத் தெரியும். பலம் இல்லாமல் இல்லை, படிதான் அவன்ர காலுக்கு எட்டாத உயரத்தில இருக்கு.

எனக்கே நடந்தது. தொடங்கி மூண்டாம் மாசம் டெட்லிஃப்ட் 80 கிலோ, அஞ்சு றெப் நல்லா வந்துது. அண்டைக்குச் சின்னப் பிளேற் எல்லாம் ஆரோ பாவிச்சுக்கொண்டு இருந்தவை, பொறுமையில்லாமல் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு 10 போட்டன், 100. வட்டமான நம்பர் எண்ட ஆசையும் சேந்துகொண்டுது. முதல் றெப் வந்திட்டுது, ரெண்டாவது முழங்காலுக்குக் கிட்ட வரேக்க நாரியில கயிறு அறுந்த மாதிரி ஒரு பிடிப்பு. ரெண்டு கிழமை சைக்கிள்ள ஏற ஏலேல்லை, குனிஞ்சு செருப்புப் போட ஏலேல்லை, அம்மா சுடுதண்ணி ஒத்தடம் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் அழுதவா. திருப்பி 40 கிலோவில தொடங்கி அந்த 80க்கு வர நாலு மாசம் எடுத்தது. ரெண்டரைக் கிலோவாக் கூட்டிக்கொண்டு போயிருந்தா அதே நாலு மாசத்தில 100க்கே வந்திருப்பன்.

அதால இப்ப நாங்கள் செய்யிறதைச் சொல்லுறன். ஒண்டு, றெப்பால ஏறுறது. தாவல் பெரிசா இருந்தா 8 இல இருந்து 12 எண்டு அகலமான இலக்கு வையுங்கோ, டம்பெல்லுக்கு 15 வரைக்கும் போகலாம். 8, 9, 10 எண்டு மெல்ல மெல்ல ஏறி எல்லாச் செற்றும் மேல் எல்லையைத் தொட்ட பிறகுதான் அடுத்த டம்பெல், எடுத்த உடன திருப்பி 8க்கு, இல்லாட்டி 6க்கு விழும், விழட்டும். தசை வளருறதுக்கு 8 றெப்பும் 15 றெப்பும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தருது, செற் முடிவில கஷ்டமா இருக்கோணும், அவ்வளவுதான். கூடின பாரத்தைத் தூக்கிற பலம் வேணுமெண்டா மட்டும் பாரமான வெயிற்றோட குறைஞ்ச றெப்பும் செய்யத்தான் வேணும்.

மற்றது, சின்னப் பிளேற்றை நாங்களே செய்யிறது. அரை லீற்றர் தண்ணிப் போத்தல் நிரப்பினா அரைக் கிலோ, ஒரு லீற்றர் ஒரு கிலோ. காய்ஞ்ச மணல் நிரப்பினா லீற்றருக்கு ஒண்டரைக் கிலோவுக்கு மேல வரும், எங்கட பக்கம் மணலுக்கா பஞ்சம். கட்டேக்க ரெண்டு பக்கமும் சரிசமனாக் கட்டோணும், ஆடாமல் பிளேற்றோட சேத்து இறுக்கிக் கட்டோணும், தலைக்கு மேல தூக்கிறதுக்குக் கட்டவே கூடாது, அவிழ்ந்து விழுந்தா முகத்திலதான் விழும். வெல்டிங் கடையில வெட்டி எறியிற இரும்புத் துண்டில ஓட்டை போட்டு ஒண்டேகால் கிலோவாச் செய்து எடுக்கலாம், நாங்கள் நாலு பேர் சேந்து அப்பிடி ரெண்டு சோடி செய்து வைச்சிருக்கிறம். அதோட இன்னொண்டு, ஜிம்மில 10 எண்டு எழுதிக்கிடக்கிற பிளேற் 10 கிலோதான் எண்டு நம்பாதேங்கோ. சீமெந்து ஊத்தின பிளேற்றுகளும் பழைய வார்ப்புப் பிளேற்றுகளும் அரைக் கிலோ ஒரு கிலோ கூடக் குறைய இருக்கும், பாரும் அப்பிடித்தான், ஒலிம்பிக் பாரம் தூக்கல் போட்டிக்குப் பாவிக்கிற ஆம்பிளையளின்ர பார் 20 கிலோ, பொம்பிளையளின்ரது 15 கிலோ, எங்கட ஜிம்முகளில கிடக்கிற மெல்லிசுப் பார் 8, 10 எண்டு எதுவாவும் இருக்கலாம். ஒருநாள் நெல்லு நிறுக்கிற தராசில கொண்டுபோய் எல்லாத்தையும் நிறுத்துப் பெயின்றால உண்மையான நிறையை எழுதுங்கோ, அரைநாள் வேலை. அது தெரியாம ரெண்டரைக் கிலோ ஏத்தினன் எண்டு சொல்லுறதில அர்த்தமே இல்லை.

ஏத்தின பிறகு றெப் குறையிறதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. இதுக்கு எப்லி எண்ட பழைய கணக்கு ஒண்டு இருக்கு, தூக்கின வெயிற்றோட ஒவ்வொரு றெப்புக்கும் அந்த வெயிற்றின்ர முப்பதில ஒரு பங்கைக் கூட்டிப் பாத்தா ஒரே ஒரு தரம் உச்சமாத் தூக்கக்கூடியது எவ்வளவு எண்டு மட்டுமட்டா வரும். 60 கிலோ 8 றெப் எண்டா 76 கிலோ. 62.5க்கு ஏத்தி 6 றெப் வந்தா 75, கிட்டத்தட்ட அதே பலம். 7 வந்தா 77, அப்ப நீங்கள் முந்தினதை விட மேல. 8 இல இருந்து 7க்கு விழுந்தது தோல்வி மாதிரித் தெரியும், கணக்கில அது முன்னேற்றம். 10 றெப்புக்கு மேல போகேக்க இந்தக் கணக்கு பிசகும், அதுக்கு உள்ள பாவியுங்கோ.

புதுசா வாற ஆக்கள் முதல் ரெண்டு மாசம் ஒவ்வொரு முறையும் ஏத்தக்கூடியதா இருக்கும், கண்ணாடியில ஒரு மாற்றமும் தெரியாது ஆனா வெயிற் மட்டும் ஏறிக்கொண்டு போகும். தொடக்கக் கிழமையளில அது கூடுதலாத் தசை வளந்து வாறது இல்லை, இருக்கிற தசையையே மூளையும் நரம்பும் சேந்து பாவிக்கப் பழகிறது, 1979ல மொரிட்டானியும் டிவ்ரீசும் செய்த ஆய்வில இருந்து இது தெரிஞ்ச விசயம், தசை பெருக்கிறது அதுக்குப் பிறகுதான் மெல்லக் கணக்கில சேரும். இந்தக் காலத்திலதான் ஆபத்தும் இருக்கு. தசையை எலும்போட கட்டியிருக்கிற நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதுகள் தசையை விட மெதுவாத்தான் உறுதியாகும். தசை "ஏலும்" எண்டு சொல்லும், முழங்கால் நாணும் முழங்கை நாணும் பின்னால இழுபட்டுக்கொண்டு வரும். அதால முதல் ரெண்டு மூண்டு மாசம், ஏத்த ஏலும் எண்டாலும் சின்னப் படியாவே ஏத்துங்கோ. மூட்டுக்குக் கிட்ட ஒரே புள்ளியில குத்தி, வோமப் (உடம்பைச் சூடாக்கிற லேசான பயிற்சி) செய்யக் குறைஞ்சு, அடுத்த நாள் காலமை விறைப்பா வந்தா அது நாண் சொல்லுறது, அந்த வெயிற்லயே ரெண்டு மூண்டு கிழமை நிண்டு பாருங்கோ.

கன்றுக்குட்டியை ஒவ்வொரு நாளும் தூக்கித் தூக்கி அது எருதாகேக்க எருதையே தூக்கின கிரேக்க வீரன் மிலோவின்ர கதையைக் கனபேர் சொல்லுவினம். அந்தக் கதை முழுசா உண்மையா இருக்கேலாது. கிழமைக்கு ரெண்டரைக் கிலோ எண்டு ஏத்தினா வருசத்துக்கு 130 கிலோ, மூண்டு வருசத்தில ஆரும் உலக சாம்பியன் ஆகியிருக்கோணும். முதல் மாசங்களில ஒவ்வொரு முறையும், பிறகு கிழமைக்கு ஒருக்கா, பிறகு மாசத்துக்கு ஒருக்கா, கனவருசம் செய்தவைக்கு வருசத்தில அஞ்சு கிலோ ஏறினாலே பெரிய காரியம். ஒரே வெயிற்ல மூண்டு முறை முயற்சி செய்தும் இலக்கு வரேல்லை எண்டா 10 வீதம் குறைச்சு, அதில இருந்து திருப்பி ஏறி வாங்கோ, கூடுதலா முந்தி நிண்ட இடத்தைத் தாண்டிப் போகும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா ஒரு கிழமை லேசாச் செய்யிறதும் நல்லது.

ஏத்தக்கூடாத நாளுகளும் இருக்கு. சித்திரை வைகாசி வெயிலில தகரக் கூரைக்குக் கீழ ஃபானும் இல்லாம நிண்டு அடிச்சா ஆருக்கும் ரெண்டு றெப் குறையும், தண்ணி காணாது, உப்பும் வேர்வையோட போயிடும், அண்டைக்கு வந்த நம்பரை வைச்சுப் பலம் குறைஞ்சுது எண்டு முடிவு எடுக்காதேங்கோ. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிக்கிற ஆக்கள் அந்தக் கிழமை இருக்கிற வெயிற்றைக் காப்பாத்தினாக் காணும். காலபோகம் வெட்டுற காலத்தில நெல்லு வெட்டுற மெசின் வந்தாலும் மூட்டை கட்டி ட்ரக்ரரில ஏத்துறது இன்னும் பெடியள்தான், பகல் முழுக்க மூட்டை ஏத்திப்போட்டுப் பின்னேரம் டெட்லிஃப்ட்ல புது வெயிற் போடப் பாக்கிறது நாரிக்குச் செய்யிற அநியாயம், அந்த மூட்டையளையும் செற் கணக்கில சேருங்கோ. சாப்பாட்டையும் பாருங்கோ, பலம் பயிற்சி செய்யிற ஆளுக்கு உடம்பு நிறையில கிலோவுக்கு ஒண்டரைக் கிராம் அளவில புரதம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 90 கிராம், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, மிச்சத்தை இரணைமடு மீனிலயும் பருப்பிலயும் கடலையிலயும் தயிரிலயும்தான் தேடோணும். பவுடர் வாங்கிறதுக்கு முதல் ஒண்டு, வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் இருக்கிற இடம், வீட்டில ஆருக்கும் இருந்தா ஒருக்கா இரத்தம் சோதிச்சுப்போட்டு டொக்டரைக் கேட்டு முடிவு எடுங்கோ. பிரஷர் இருக்கிற ஆக்களும் அப்பிடித்தான், மூச்சைப் பிடிச்சுப் பாரம் தூக்கேக்க பிரஷர் சடாரெண்டு ஏறும்.

எங்கட ஜிம்முக்கு ஒரு அண்ணை வாறவர், 2009 சண்டையில காயப்பட்டவர், இடது தொடையில பீஸ் (குண்டுச் சிதறல்) இன்னும் இருக்கு, அந்தக் கால் மற்றக் காலை விட மெலிவு. அவருக்கு ரெண்டு காலும் சேத்துச் செய்யிற ஸ்குவாற்ல நல்ல கால் களவா வேலையை எடுத்துக்கொள்ளும், வெயிற் ஏறும், மெலிஞ்ச கால் அப்பிடியே இருக்கும். ஆஸ்பத்திரி பிசியோவிட்டக் கேட்டு ஒரு கால் தனியாச் செய்யத் தொடங்கினவர். மெலிஞ்ச கால்தான் முதல், அது எத்தினை றெப் செய்யுதோ நல்ல காலும் அவ்வளவுதான், ஒண்டும் கூட இல்லை, ஏத்துறதும் மெலிஞ்ச கால் ரெண்டுக்கு ரெண்டு காட்டினாத்தான். ஒன்பது மாசம் கழிச்சு இஞ்சி ரேப்பால சுத்தி அளந்தம், ரெண்டு தொடைக்கும் இருந்த வித்தியாசம் பாதியாக் குறைஞ்சிருக்கு. டீலோம் தன்ர சிப்பாய்மாருக்குச் செய்ததும் இதே வேலைதான். உடம்பில பீஸ் இருக்கிற ஆக்கள் பாரம் ஏத்தின பிறகு அந்த இடத்தில புதுசா நோ, விறைப்பு, கை கால் மரக்கிற மாதிரி ஏதும் வந்தா உடன நிப்பாட்டி டொக்டரைக் காட்டோணும், அதைப் பொறுத்துக்கொண்டு செய்யிறது வீரம் இல்லை.

பொம்பிளையள் பாரம் ஏத்தக்கூடாது எண்ட கதை இஞ்ச இன்னும் இருக்கு. ஏத்தோணும், வயசு போகப் போக எலும்பு உறுதிக்கு இதை விட நல்லது குறைவு. முறை அதேதான், படி மட்டும் இன்னும் சின்னன், 15 கிலோ பாரில ரெண்டரை ஏத்தினாலே 17 வீதம் எண்டதை மறக்கக்கூடாது. எங்கட வளவுக்குப் பக்கத்தில இருக்கிற அக்கா ஒரு ரீச்சர், வயசு 46, காலமை அஞ்சரைக்கு வேற நாலு பொம்பிளையளோட வந்து செய்யிறவா. பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டில கோடு போட்டு வைச்சிருக்கிறா, திகதி, வெயிற், மூண்டு செற்ரின்ர றெப், கடைசியில ஒரு சொல், "லேசு", "சரி", "கஷ்டம்". நினைவில வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுற பெடியள் ஒருத்தரும் போன மாசம் என்ன தூக்கினவை எண்டு சரியாச் சொல்ல மாட்டினம், அந்தக் கொப்பி சொல்லும். போன செவ்வாய் 22 கிலோ ஸ்குவாற், 8, 8, 10, சரி. வெள்ளி 22 கிலோ, 8, 8, 10, சரி. வாற செவ்வாய் எண்ட கோட்டில 23 எண்டு எழுதிப்போட்டு, அரை லீற்றர் போத்தல் ரெண்டை நிரப்பி வைக்கச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா.